பெயர்ப் பலகை கடல் கடக்கலாம், பாடசாலை கடக்குமா?

பிள்ளைகளின் கல்விக்காகப் பொருள் செலவிடுவதில் நம்மவர் எக்காலத்தும் பின்னின்றவர் அல்லர். காணியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் படிப்பித்த குடும்பங்கள் நம்மிடையே எண்ணில. ஆயினும், அன்று அந்தப் பொருள் சென்று சேர்ந்த பாடசாலை ஊரறிந்த பாடசாலையாக இருந்தது. அதிபர் எத்தகையவர், கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் எத்தகையவர், அங்கே கற்று வெளியேறியவர்கள் என்ன நிலையில் இருக்கின்றார்கள் என்பனவெல்லாம் ஊர்ச் சந்தியிலே விசாரித்தால் தெரிந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. எங்கோ ஒரு நகரிலே தலைமையகத்தை வைத்துக்கொண்டு, பல தேசங்களிலே கிளை பரப்பி, ஒரே பெயரையும் ஒரே இலச்சினையையும் தாங்கி நிற்கும் பாடசாலைகள் பெருகிவிட்டன. துபாயிலும் தோகாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் புரியும் நம்மவர் பலர் தம் பிள்ளைகளை இத்தகைய பாடசாலைகளில் சேர்க்கின்றனர். கொழும்பிலிருக்கும் பெற்றோரும் இவற்றின் விளம்பரங்களைப் பார்த்து மயங்குகின்றனர். மாதச் சம்பளத்தின் பெரும் பகுதியை ஒரு பெயர்ப் பலகையை நம்பிக் கொடுக்கின்ற தகப்பனார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெயர் கடல் கடந்து வந்துவிட்டது. அந்தப் பெயருக்குப் பெருமை தேடித் தந்த கல்வியும் கூடவே வந்திருக்கிறதா? அதனை யார் கண்காணிக்கிறார்கள்? இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

மூவகைப் பாடசாலைகள்

பல தேசங்களிலே பரந்து கிடக்கும் தனியார் பாடசாலைகளை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது வகை, வர்த்தக நிறுவனங்கள் நடத்துவது. 1972ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே தோன்றிய ‘நோர்ட் ஆங்கிலியா’ என்னும் நிறுவனத்தை இதற்கு உதாரணமாகக் கூறலாம். முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் எண்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகள் இந்நிறுவனத்துக்கு உண்டு. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முதலீட்டாளர் குழுவொன்று இதனை வாங்குவதற்கு உடன்பட்டபோது இதன் பெறுமதி 1,450 கோடி அமெரிக்க டொலர் என மதிப்பிடப்பட்டது. பாடசாலை நடத்துவது இன்று எத்துணைப் பெரிய வாணிபம் என்பதனை இந்த ஒரு தொகையே உணர்த்தும்.

இரண்டாவது வகை, புகழ் பெற்ற பழைய பாடசாலை தன் பெயரை இரவல் கொடுப்பது. 1572ஆம் ஆண்டிலே அரச பட்டயம் பெற்ற ஹரோ பாடசாலையின் பெயரில் 1998ஆம் ஆண்டு பாங்கொக் நகரிலே ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. பின்னர் வேறு நகரங்களிலும் அப்பெயர் தாங்கிய பாடசாலைகள் எழுந்தன.

மூன்றாவது வகை, இலாபம் கருதாது ஒரு கொள்கையைப் பரப்பும் நோக்கத்தோடு தோன்றியது. ‘ஐக்கிய உலகக் கல்லூரிகள்’ என்னும் அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. இதன் உள்ளமைப்பை விளங்கிக்கொண்டால் மற்றைய இரு வகைகளையும் எடைபோடுவதற்கு நமக்கு ஒரு படிக்கல் கிடைத்துவிடும். ஆகவே அதனைச் சிறிது விரிவாகவே பார்ப்போம்.

கோட்டைக்குள் ஒரு கல்லூரி

இந்தக் கல்லூரிகளுக்கு வித்திட்டவர் குர்ட் ஹான் என்னும் ஜேர்மானியக் கல்விமான். 1886ஆம் ஆண்டிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1920ஆம் ஆண்டில் சாலெம் என்னுமிடத்தில் ஒரு பாடசாலையை நிறுவினார். ஹிட்லரின் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தமையால் 1933ஆம் ஆண்டிலே சிறையிடப்பட்டார். விடுதலை பெற்றதும் பிரித்தானியாவுக்குச் சென்று, அடுத்த ஆண்டிலேயே ஸ்கொத்லாந்தில் கோர்டன்ஸ்டன் பாடசாலையைத் தொடங்கினார்.

1955ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் இருந்த நேட்டோப் பாதுகாப்புக் கல்லூரிக்கு உரையாற்றச் சென்ற ஹான், அங்கே ஒரு புதுமையைக் கண்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திய நாடுகளின் இராணுவ அதிகாரிகள் ஒரே மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தனர். முதிர்ந்த அதிகாரிகளுக்கு இது இயலுமாயின் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் இயலாது? அக்கல்லூரியின் தலைவராயிருந்த விமானப்படைத் தளபதி லோரன்ஸ் டார்வலும் இதே எண்ணத்தினராய் இருந்தார். இவ்விருவரின் முயற்சியினால் 1962ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டின் கடற்கரையிலுள்ள சென்ட் டொனற்ஸ் கோட்டையில் அத்திலாந்திக் கல்லூரி ஆரம்பமாயிற்று. ஐம்பத்துச் சொச்சம் மாணாக்கர். அனைவரும் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் 1967ஆம் ஆண்டிலே சேர்க்கப்பட்டனர்.

அந்த ஒரு கல்லூரி இன்று பதினெட்டாகியுள்ளது. சிங்கப்பூரில் 1971ஆம் ஆண்டிலே தொடங்கிய பாடசாலையொன்று பின்னர் இவ்வமைப்பிற் சேர்ந்தது. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், அதன் அயல் நாடாகிய சுவாசிலாந்திலே கறுப்பர் வெள்ளையர் என்ற பேதமின்றிப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கென்றே 1963ஆம் ஆண்டில் தோன்றியது வோட்டர்போர்ட் கம்லாபா. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் புதல்வியர் அங்கே கல்வி கற்றனர். 1981ஆம் ஆண்டில் அப்பாடசாலையும் இவ்வமைப்பில் இணைந்தது. இந்தியாவிலே பூனே நகருக்கு அண்மையில் 1997ஆம் ஆண்டு முதல் மகிந்திராக் கல்லூரி இயங்கிவருகிறது.

இவற்றுள் நம் மனத்தை மிகவும் தொடுவது பொஸ்னியாவின் மொஸ்டார் நகரக் கல்லூரி எனலாம். 1992 முதல் 1995 வரை நடந்த போரினால் அந்நகரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. போர் ஓய்ந்த பின்னும் ஒரே கட்டடத்திலே இரு சாராரின் பிள்ளைகளும் தனித்தனிப் பாடவிதானத்தைப் படித்தனர். அந்தக் கட்டடத்திலேயே 2006ஆம் ஆண்டில் ஐக்கிய உலகக் கல்லூரி திறக்கப்பட்டு, இரு சாராரும் வெளிநாட்டு மாணாக்கரும் ஒரே வகுப்பிலே அமர்ந்தனர். பாடசாலையொன்று போரை முடித்துவிடாது. ஆனால் அடுத்த தலைமுறையினர் சிலராயினும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும்படி செய்யும்.

யார் நடத்துகிறார்கள்?

பதினெட்டுக் கல்லூரிகளையும் ஒரே முதலாளி நடத்துகிறார் என எண்ணுதல் தவறு. ஒவ்வொரு கல்லூரியும் தன் நாட்டுச் சட்டத்தின்படி தனித்த நிறுவனம். அதற்கெனத் தனி நிருவாக சபையும் தனி வரவு செலவும் உண்டு. இலண்டனில் உள்ள மத்திய அலுவலகம் பொதுக் கொள்கையைக் காத்து, ‘ஐக்கிய உலகக் கல்லூரி’ என்னும் பெயரைத் தாங்குவதற்கு உரிய நிபந்தனைகளை விதிக்கிறது. இப்பெயர் நிரந்தரச் சொத்தன்று. வெனிசுவேலாவில் இயங்கிய கல்லூரியொன்று 2012ஆம் ஆண்டில் இவ்வமைப்பிலிருந்து நீங்கிவிட்டது.

கல்லூரிகளுக்கிடையே வேற்றுமையும் பெரிது. அத்திலாந்திக் கல்லூரியில் சில நூறு மாணாக்கரே பயில்கின்றனர்; அனைவரும் விடுதியில் வாழ்வோர். சிங்கப்பூரிலோ சிறு குழந்தை முதல் வளர்ந்த பிள்ளை வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் பயில்கின்றனர்; பெரும்பாலோர் அந்நகரிலே தொழில் பார்ப்போரின் பிள்ளைகள்; முழுக் கட்டணம் செலுத்துவோர். ஒரே பெயருக்குள் இருவேறு பொருளாதாரம் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் ஒன்று என்பதால் பாடசாலையும் ஒன்றாகிவிடாது.

மாணாக்கரைத் தெரிவு செய்யும் முறையே இவ்வமைப்பின் தனிச் சிறப்பு. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் தேசியக் குழுக்கள் உள்ளன. இவற்றில் இருப்போர் பெரும்பாலும் சம்பளம் பெறாத தொண்டர். அவருட் பலர் பழைய மாணவர். இறுதி இரண்டாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை இவர்கள் நேர்முகமாகக் கண்டு, கூட்டாக வேலை செய்யவிட்டுப் பார்த்து, பரீட்சைப் புள்ளியோடு குணத்தையும் ஊக்கத்தையும் சேர்த்து மதிப்பிட்டுத் தெரிவு செய்கின்றனர். அவ்வாறு தெரிவாவோரிற் பெரும்பாலோருக்கு அவரவர் குடும்பத்தின் வசதியைப் பொறுத்து முழுமையாகவோ பகுதியாகவோ புலமைப்பரிசில் கிடைக்கிறது. இங்கே பிள்ளையைத் தெரிவு செய்பவர் கட்டணம் வாங்கும் பாடசாலையார் அல்லர் என்பது முக்கியம். கட்டணம் வாங்குகின்றவரே சேர்ப்பவராகவும் இருக்குமிடத்து, காலியான ஆசனத்தை நிரப்பும் ஆசை தகுதியைப் பார்க்கும் கண்ணை மறைத்துவிடக்கூடும்.

பிறர் கையிலுள்ள அளவுகோல்

தரத்தைக் காக்கும் மிகப் பெரிய கருவி, பரீட்சையைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமையே. தன் தராசினாலே தன் சரக்கை நிறுக்கும் வியாபாரியை நாம் எளிதில் நம்புவதில்லை. இக்கல்லூரிகள் தம் மாணாக்கரை ‘சர்வதேசப் பக்கலோரியா’ என்னும் பொதுப் பரீட்சைக்கு அனுப்புகின்றன.

இப்பரீட்சை பிறந்த கதையும் சுவையானது. சர்வதேச சங்கத்திலும் சர்வதேச தொழில் அமைப்பிலும் வேலை பார்த்தோரின் பிள்ளைகளுக்காக 1924ஆம் ஆண்டிலே ஜெனீவாவில் ஒரு பாடசாலை தோன்றியது. அங்கே பயின்ற பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுவதற்கு அவரவர் தாய்நாட்டுப் பரீட்சைக்குத் தனித்தனியே ஆயத்தமாக வேண்டியிருந்தது. இந்த இடரை நீக்குதற்கு எங்கும் ஏற்கத்தக்க ஒரே பரீட்சை தேவைப்பட்டது. அதன் பயனாக 1968ஆம் ஆண்டிலே ஜெனீவாவில் பக்கலோரியா நிறுவனம் அமைந்தது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த அலெக் பீற்றர்சன் அதன் முதற் பணிப்பாளர் நாயகமானார். இன்று ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள் இந்நிறுவனத்தின் பாடத்திட்டங்களைப் போதிக்கின்றன.

மாணாக்கர் ஆறு பாடங்களைக் கற்கின்றனர். பாடம் ஒன்றுக்கு உயர்ந்த புள்ளி ஏழு. நாலாயிரம் சொற்களுக்கு மேற்படாத ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றையும் எழுத வேண்டும். ‘நாம் அறிந்ததாகச் சொல்வதை எவ்வாறு அறிந்தோம்?’ என்று ஆராயும் ஒரு பாடமும் உண்டு. இவ்விரண்டுக்கும் சேர்த்து மூன்று புள்ளி வரை வழங்கப்படும். ஆகவே மொத்தம் நாற்பத்தைந்து. சமூகத் தொண்டு, உடற்பயிற்சி, கலை முயற்சி ஆகியவற்றையும் நிறைவேற்றினாலன்றிப் பட்டயம் கிடையாது.

இனி, புள்ளி இடும் முறையைப் பார்ப்போம். விடைத்தாள்களைத் திருத்துவோர் பல தேசங்களிலே இருக்கின்றனர். தலைமைப் பரீட்சகர் ஏற்கெனவே திருத்திய சில விடைத்தாள்களை, இன்னவை எனத் தெரிவிக்காமலே, அவர்களுக்கு அனுப்பும் தாள்களோடு கலந்து வைப்பர். அந்தத் தாள்களுக்குத் தலைமைப் பரீட்சகர் இட்ட புள்ளியிலிருந்து வரம்புக்கு மேல் விலகுகின்றவர் மேற்கொண்டு திருத்தாமல் நிறுத்தப்படுவார். திருத்துவோருக்கே ஓயாத பரீட்சை இது!

பாடசாலையிலேயே புள்ளியிடப்படும் ஒப்படைகளும் உண்டு. அங்கே ஆசிரியர் தாராளமாக அள்ளி வழங்கிவிட்டால் என்ன செய்வது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டு அடுக்களை வழக்கம். அதே முறையில், ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் சில ஒப்படைகள் மாதிரியாக எடுக்கப்பட்டு வெளியாரால் மீண்டும் திருத்தப்படுகின்றன. ஆசிரியர் கூட்டியோ குறைத்தோ இட்டிருப்பின் அவர் வகுப்பு முழுவதன் புள்ளிகளும் அதற்கேற்பத் திருத்தப்படும்.

பாடசாலைக்கும் பரீட்சை உண்டு. விரும்பிய உடனே எந்தப் பாடசாலையும் இப்பாடத்திட்டத்தைத் தொடங்கிவிட இயலாது. முதலில் விண்ணப்பப் பாடசாலையாக இருந்து ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும். பின்னர் வெளியார் வந்து பார்த்து அனுமதி வழங்குவர். அனுமதி பெற்ற பின்னும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மதிப்பீடு நடைபெறும்.

கடல் வைத்த பரீட்சை

புள்ளிகளுக்கு அகப்படாத தரமும் உண்டு. அத்திலாந்திக் கல்லூரி நின்ற கடற்கரை அபாயமானது. ஆகவே அங்குள்ள மாணாக்கர் கடலில் ஆபத்துக்குள்ளானோரை மீட்கும் பணியிற் பயிற்றப்பட்டனர். காற்றடைத்த இறப்பர்ப் படகுகள் கற்களில் உராய்ந்து கிழிந்துபோயின. கல்லூரியின் முதல் அதிபரான கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் மாணாக்கரும் பல ஆண்டுகள் முயன்று, உறுதியான அடித்தளத்தின் மேல் காற்றுக் குழாய்களைப் பொருத்திய புதுவகைப் படகை ஆக்கினர். அதன் உரிமை பிரித்தானிய உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கு ஒரேயொரு பவுணுக்குக் கொடுக்கப்பட்டது. இன்று உலகெங்கும் கடற்படையினரும் மீட்புப் பணியாளரும் அவ்வகைப் படகைப் பயன்படுத்துகின்றனர். கடலிலே இறக்கிய படகு மிதக்கும் அல்லது மூழ்கும். அங்கே சாக்குச் சொல்ல இடமில்லை. பிள்ளைகளிடம் உண்மையான பொறுப்பை ஒப்படைக்கும் பாடசாலை தானாகவே தரத்தைப் பேணிக்கொள்கிறது.

அளவுகோல் பிழைத்தபோது

எந்த ஏற்பாடும் குறையற்றதன்று. 2020ஆம் ஆண்டிலே கொள்ளை நோய் காரணமாக மே மாதப் பரீட்சை நடைபெறவில்லை. மாணாக்கரின் ஒப்படைகள், ஆசிரியர் எதிர்பார்த்த புள்ளி, அப்பாடசாலையின் முற்காலப் பெறுபேறு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் புள்ளி வழங்கினர். பெறுபேறு வெளியானதும் பல தேசங்களிலிருந்து கண்டனம் எழுந்தது. முன்னே படித்துச் சென்றவர் பெற்ற புள்ளி, இன்று படிக்கும் பிள்ளையின் தலைவிதியை நிருணயிக்கலாமா? பல்கலைக்கழக அனுமதியை இழந்து கலங்கிய மாணாக்கரின் வினா இதுவே. ஓகஸ்ட் மாதத்தில் நிறுவனம் கணக்கை மாற்றியமைத்தது. பலருக்குப் புள்ளி உயர்ந்தது, எவருக்கும் குறைக்கப்படவில்லை. வெளியார் அளவுகோலும் தவறக்கூடும். ஆனால் அது பலர் கண்முன் இருப்பதால் தவறு வெளிப்பட்டுத் திருத்தமும் பெற்றது. அதுவே அதன் பெறுமதி.

மற்றொன்றையும் மறத்தலாகாது. நல்ல விதையைத் தெரிந்தெடுத்து விதைத்தவன் விளைச்சலைக் காட்டித் தன் மண்ணின் வளத்தைப் புகழ முடியாது. தேர்ந்தெடுத்த பிள்ளைகளை வைத்திருக்கும் பாடசாலை சிறந்த பெறுபேறு பெறுவதில் வியப்பில்லை. வந்தபோது இருந்த நிலையிலிருந்து பிள்ளை எவ்வளவு உயர்ந்தது என்பதே பாடசாலையின் உண்மையான சாதனை.

வர்த்தகப் பாடசாலையும் அரசின் கண்ணும்

இலாப நோக்குடைய பாடசாலைகளெல்லாம் தரமற்றவை என்று ஒதுக்கிவிடுதல் நீதியன்று. 1959ஆம் ஆண்டிலே கேரளத்திலிருந்து துபாய் சென்ற ஆசிரியத் தம்பதியர் அங்கே ஆங்கிலம் படிப்பித்து வாழ்ந்தனர். 1968ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினர். அவர்களின் மகன் சன்னி வர்க்கி அதனை விருத்தி செய்து, ‘ஜெம்ஸ்’ என்னும் பெரிய பாடசாலைக் குழுமமாக்கினார். கட்டணம் குறைந்த பாடசாலையும் மிக உயர்ந்த பாடசாலையும் அக்குழுமத்தில் உண்டு.

துபாய் அரசாங்கம் 2008ஆம் ஆண்டு முதல் தனியார் பாடசாலைகளைப் பரிசோதித்து, ‘அதிசிறந்தது’, ‘நல்லது’, ‘பலவீனமானது’ எனத் தரப்படுத்தி, அறிக்கைகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டது. அத்தரத்தைப் பொறுத்தே கட்டண உயர்வுக்கு அனுமதி வழங்கப்பட்ட காலமும் உண்டு. தரம் தாழ்ந்தால் வருமானமும் தாழும் என்னும் நிலை வரும்போது வியாபாரியும் தரத்தைப் பேணுவான். ஆக, இலாபம் உண்டா இல்லையா என்பதைவிட, வெளியிலிருந்து பார்க்கும் கண் உண்டா இல்லையா என்பதே பெரிய வினா.

நமக்குப் பழக்கமான கதை

தூர தேசத்திலிருந்து நடத்தப்படும் பாடசாலைகள் நமக்குப் புதியன அல்ல. 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். தமிழும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்பித்த உயர்தரக் கலாசாலை அது. ஆனால் அதன் திறவுகோல் பொஸ்டன் நகரிலே இருந்தது. அங்கிருந்த சபையின் கொள்கை மாறியது. தூதுக்குழு வந்து பார்த்தது. 1855ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. படிப்பில் குறை கண்டு மூடவில்லை; கொள்கை மாறியமையால் மூடினர். பின்னர் 1870களின் தொடக்கத்திலே, இங்குள்ளோரின் விடாமுயற்சியினால் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தலைமையகம் தொலைவில் இருக்கும்போது, அங்கே எடுக்கும் முடிவு இங்கே ஒரு பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. பாடசாலைகள் கைமாறும் இக்காலத்திலும் இதனை மறந்துவிடக்கூடாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

இலங்கையிலே 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொண்டுவந்து, புதிய தனியார் பாடசாலைகள் தோன்றுவதற்கும் தடையாயின. திறந்த பொருளாதாரம் வந்த பின்னர் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகவே பதிவு பெற்றன. கம்பனியைப் பதிவு செய்கின்றவர் கணக்கு வழக்கைக் கேட்பாரேயன்றி வகுப்பறையை எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே இங்கே பரிசோதகர் வேலையைப் பெற்றோரே செய்ய வேண்டியுள்ளது. பாடசாலை வாசலிலே நின்று அவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

ஒன்று: இதன் உரிமையாளர் யார்? கட்டணத்தை உயர்த்துவதற்கோ பாடசாலையை மூடுவதற்கோ முடிவெடுப்பவர் எங்கே இருக்கிறார்?

இரண்டு: வெளியார் வந்து கடைசியாகப் பரிசோதித்தது எப்போது? குறைகளும் அடங்கிய அந்த அறிக்கையை நாம் படிக்கலாமா? வெளிநாட்டுப் பரீட்சைக்கு மாணாக்கரை அனுப்பும் அனுமதி வேறு. பாடசாலை முழுவதையும் பரிசோதித்து வழங்கும் தரச்சான்று வேறு. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றுபோலக் காட்டுவதுண்டு.

மூன்று: பத்தாம் வகுப்பிலே எத்தனை பிள்ளைகள் இருந்தனர்? அவர்களில் எத்தனை பேர் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றினர்? நூற்றுக்கு நூறு சித்தி என்று கூறுமிடத்து, இடையிலே விலக்கப்பட்டோர் எத்தனை என்று கேட்க வேண்டும்.

நான்கு: ஆசிரியர் எத்தனை ஆண்டு நிலைத்து நிற்கின்றனர்? ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பாடசாலையில் கட்டடம் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

ஐந்து: தாய்மொழிக்கு என்ன இடம்? பக்கலோரியாத் திட்டத்திலே மாணாக்கர் தமக்கு நன்கு கைவந்த மொழியின் இலக்கியத்தைக் கற்பது முதற்பாடம். அம்மொழிக்கு ஆசிரியர் இல்லாதவிடத்து, பாடசாலையின் உதவியோடு தாமாகவே கற்கவும் அங்கே ஏற்பாடு உண்டு. சர்வதேசக் கல்வி என்பது தாய்மொழியைக் கைவிடுவதன்று என்பதனை அத்திட்டத்தை வகுத்தவரே உணர்ந்திருக்கின்றனர். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தேவையில்லை என்று கூறும் பாடசாலை, பிள்ளையின் அறிவிலே பாதியைக் குறைத்துவிடுகிறது.

இவ்வைந்துக்கும் தயங்காமல் விடை கூறும் அதிபரை நம்பலாம். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிப்பவரைக் கண்டால், கட்டணப் பணத்தைச் சட்டைப்பைக்குள்ளே வைத்துக்கொண்டு திரும்பிவிடுவது நலம்.

மாணாக்கருக்கு ஒரு வார்த்தை. இத்தகைய பாடசாலைகளில் இடம் கிடைக்கவில்லையே என்று ஏங்குவோர் உங்களுள் இருக்கலாம். அங்கே விலை கொடுத்துப் பெறும் பொருள்களிற் சில விலையின்றியும் கிடைப்பன. நான்காயிரம் சொல்லில் ஒரு பொருளை ஆராய்ந்து எழுதுவதற்கு ஊர் நூலகமும் ஒரு நல்லாசிரியரும் போதும். படித்ததை அப்படியே ஒப்புவிக்காமல், ‘இது உண்மையென எவ்வாறு அறிந்தோம்?’ என்று கேட்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. அயலிலுள்ள முதியவருக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவதும், கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் தொண்டேயாம். இவற்றை இன்று மாலையே தொடங்கலாம். எந்தத் தலைமையகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.